யானைகளுக்கும் வலீமா அழைப்பு: கல்முனைக் கரையோர மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

உணவு, பயணம், மின்பாவனை ஆகிய அன்றாடக் காரியங்களால் ஒருவர் வளியில் சேர்க்கும், பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் மொத்த அளவே காபன் தடம் எனப்படுகிறது. இக்கருத்தை 2004ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரப்பியதில் ஓர் எண்ணெய் நிறுவனத்துக்கே பெரும் பங்குண்டு என்பதையும், ஆளொருவருக்கு ஆண்டுதோறும் உலகச் சராசரி 4 தொன்னுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டாக இருக்க, இலங்கையில் அது ஏறத்தாழ 1 தொன்னே என்பதையும் அறிந்தோருக்கு, கல்முனைக்குடி மீன் வியாபாரியிடம் காலநிலை உபதேசம் செய்வது வேடிக்கையாகவே படும். ஆகவே இவ்வேண்டுகோளை விடுக்கும் எழுத்தாளர்களும் ஓவியர்களும் உபதேசத்தை விட்டு நையாண்டியைத் தேர்ந்துள்ளனர்; அந்த நையாண்டியும் வறுமையைத் தொடாது, வீண்விரயத்தையே தொடும்.

திருமணத்தையொட்டிய வலீமா விருந்தின் சஹன் எனும் பெருந்தட்டு இதற்கு நல்ல இலக்கு. பலர் ஒரே தட்டைச் சுற்றியமர்ந்து உண்ணும் சிக்கனமான இவ்வழக்கத்தில், இன்று நடுவே குவிந்த சோறு கலையாமலேயே எழுந்து செல்வது கௌரவமாகிவிட்டது. நீர் தேங்கிய வயலில் விளையும்போதே மெதேன் வாயுவை வெளிவிட்ட நெல், சோறாகிக் குப்பையில் காற்றின்றி அழுகும்போது மீண்டும் அதையே வெளிவிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் மெதேன் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். கரையோர ஊர்கள் பலவற்றின் கழிவு சேரும் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாத்திக்குடன் உணவுக் கழிவை உண்டு, எட்டாண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வெளிவந்தன. அழைப்பிதழோடு மண்டப வாசலில் நிற்கும் யானையை வரைய இதைவிடக் காரணம் தேவையில்லை.

இப்பிரதேசத்துக்குக் கேலி புதிதன்று. வயற்காவலிலும் வீட்டு முற்றத்திலும் கேள்வியும் மறுமொழியுமாகப் பாடப்பட்ட கவிகளில் குத்தலும் குறும்பும் நிறைந்திருந்தன. ‘சிரித்திரன்’ நகைச்சுவை இதழின் சுந்தர் வரைந்த கேலிச்சித்திரங்களும் தமிழ் வாசகருக்குப் பழக்கமானவையே. அடுத்த ஒழுங்கையிலுள்ள பள்ளிவாசலுக்கு மோட்டார் சைக்கிளில் செல்வதும், குளிரூட்டியை இயக்கிவிட்டுப் போர்வைக்குள் புகுவதும் கவிக்கு ஏற்ற பொருள்களே.

எனவே, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் பாடசாலைகளும் திருமண மண்டப உரிமையாளர்களும் இப்படைப்புகளுக்குச் சுவரோ மேடையோ தந்துதவுமாறும், மூத்த பெண்கள் தமக்குத் தெரிந்த மெட்டுகளில் புதுக்கவி கட்டித் தருமாறும் வேண்டப்படுகின்றனர். ஒருவரைப் பெயர் சுட்டி, அவர் வீட்டு விருந்தை அளந்து எழுதும் கவிகள் மட்டும், எவ்வளவு சிரிப்பூட்டினாலும், ஏற்கப்படமாட்டா.