பாதாளச் சாக்கடையும் ஹோட்டல் எண்ணெயும்

ஒரு நகரத்தின் சுகாதாரம் நாம் கண்ணால் காணும் வீதிகளில் மட்டும் இல்லை. காணாத குழாய்களிலும் இருக்கிறது. வீதியில் குப்பை கிடந்தால் கூச்சலிடுகிறோம். பூமிக்கடியில் குழாய் அடைபட்டால், கழிவுநீர் நம் வாசலில் பொங்கி வழியும் வரையில் அதைப்பற்றி ஒருவரும் நினைப்பதில்லை. பொங்கி வழிந்த பிறகோ, கார்ப்பரேஷனையும் குடிநீர் வாரியத்தையும் நிந்திப்பதோடு நமது கடமை தீர்ந்துவிட்டதாக எண்ணுகிறோம். குழாயை அடைத்த பொருள் எது, அதை அங்கே அனுப்பியவர் யார் என்ற கேள்வி எழுவதே இல்லை. அந்தக் கேள்வியையே இன்று நேயர்கள் முன் வைக்கிறோம்.

சென்னையில் விடியற்காலத்து இட்டிலி, பொங்கல், வடை முதல் நள்ளிரவுப் பரோட்டா, பிரியாணி வரையில் அடுப்பு அணைவதே இல்லை. பதினாயிரக்கணக்கானவர்களுக்குப் பிழைப்பளிக்கும் தொழில் இது. ஹோட்டல்காரர்களைப் பழிப்பது நமது நோக்கமன்று. ஆனால் தட்டிலும் அண்டாவிலும் வாணலியிலும் ஒட்டியிருக்கும் நெய்யும் எண்ணெயும் கொழுப்பும், வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவப்படும்போது எங்கே போகின்றன? கழுவுகிறவர் கண்ணுக்கு அவை மறைந்துவிடுகின்றன, உலகத்திலிருந்து மறைந்துவிடவில்லை. குழாய்க்குள் சென்று சூடு ஆறியதும் அவை நீரிலிருந்து பிரிந்து பக்கங்களில் படிகின்றன. அந்தப் பசையில் சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் பிளாஸ்டிக் பையும் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு முழ அகலமுள்ள வழி நாளடைவில் ஒரு சாணாகக் குறுகுகிறது. ஒரு நாள் அதுவும் மூடிக்கொள்ளுகிறது.

“நம் ஊர் வெயிலில் எண்ணெய் உறையுமா? இது குளிர்தேசத்தார் கவலை” என்று சிலர் சொல்லக்கூடும். நெய்யும் டால்டாவும் ஆட்டுக் கொழுப்பும் நம் மார்கழியிலேயே உறைவதை வீட்டுப் பெண்மணிகள் அறிவார்கள். அது கிடக்கட்டும். அடைப்புக்குக் காரணம் வெறும் உறைதல் மட்டுமன்று. ஒரு ரசாயன மாறுதலும் உண்டு. கழிவுநீரில் தங்கும் எண்ணெய் சிதைந்து கொழுப்பு அமிலங்களாகிறது. கடின நீரிலும் சிமெண்டுக் குழாயின் சுவரிலும் உள்ள சுண்ணாம்புச் சத்துடன் அவ்வமிலங்கள் சேரும்போது ஒருவகைச் சோப்பு உண்டாகிறது. அது நுரைத்துக் கரையும் சோப்பன்று. நீரில் கரையாமல் கல்லைப்போல் இறுகும் சோப்பு. சென்னை வெயில் அதை உருக்கிவிடாது.

இதன் வளர்ச்சி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லண்டன் நகரம் சாட்சி. 2017-ஆம் வருஷம் அந்நகரின் ஒயிட்சாப்பல் பகுதியில், சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளமும் சுமார் 130 டன் நிறையும் உள்ள கொழுப்புப் பாறை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதை உடைத்து எடுக்க வாரக் கணக்காயிற்று. அடுத்த வருஷம் அதில் ஒரு துண்டை லண்டன் அருங்காட்சிச் சாலையிலேயே வைத்தார்கள். சாக்கடையின் ஓட்டத்தைத் தடுக்கும் பொருளை அதில் விடுவது குற்றம் என்று இங்கிலாந்தில் 1991-ஆம் வருஷத்து நீர்த்தொழில் சட்டம் சொல்லுகிறது. சட்டம் இருந்து கொண்டேயிருந்தது. பாறையும் வளர்ந்து கொண்டேயிருந்தது. ஏட்டில் உள்ள தடை குழாயைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

லண்டனில் அடைப்பை எடுக்க இயந்திரங்களும் பாதுகாப்பு உடைகளும் இருந்தன. நம் தேசத்தில் இருந்தது என்ன? அடைப்பு நேர்ந்தால், இடுப்பில் கயிற்றைக் கட்டி ஒரு மனிதனைக் குழிக்குள் இறக்கினோம். ஓட்டம் நின்ற கழிவுநீரில் காற்றில்லாமல் அழுகும் பொருள்களிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயு எழுகிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும்; அளவு மிகுந்தாலோ நாற்றத்தை அறியும் சக்தியே மரத்துப்போகும்; அதன் பின் இரண்டொரு மூச்சிலேயே மனிதன் சாய்ந்துவிடுவான். அவனைத் தூக்க இறங்கியவனும் அவன்மேலேயே விழுவான். இந்த வேலையைத் தாழ்த்தப்பட்ட மக்கள் தலையிலேயே நமது சமூகம் பரம்பரையாகக் கட்டி வைத்தது. 1993-ஆம் வருஷத்துக்குப் பின் சாக்கடைக் குழிகளில் மாண்டவர்களைப்பற்றி 2022-ஆம் வருஷம் மத்திய சர்க்கார் பார்லிமெண்டில் வைத்த கணக்கில், எல்லா மாகாணங்களையும்விட அதிக மரணங்கள் தமிழ்நாட்டிலேயே நேர்ந்தனவாகக் காணப்பட்டது. தமிழர் இதை எண்ணி வெட்கப்பட வேண்டாமா?

இக்கொடுமையைத் தடுக்கச் சட்டம் செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். தகுந்த பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. முதல் குற்றத்துக்கு இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அதில் இடமுண்டு. 2014-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட் மாண்டவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அளிக்க உத்தரவிட்டது; 2023-ஆம் வருஷம் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரியில், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதர் இறங்கிச் சாக்கடை சுத்தம் செய்வது நின்றாக வேண்டும் என்றும் கட்டளையிட்டது. இவையெல்லாம் போற்றத்தக்கவை. எனினும் இவை யாவும் குழியின் வாயில் நிற்கும் சட்டங்கள். குழாய் அடைபட்ட பிறகே இவற்றுக்கு வேலை. அடைப்பவன் அடைத்துக்கொண்டே இருக்க, எடுப்பவனைப் பற்றி மட்டும் பேசுவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பதாகும்.

மறு கோடியில், வாணலியின் பக்கத்திலும் ஒரு சட்டம் நிற்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உண்டாகும் கேடான பொருள்கள் நூற்றுக்கு 25 பங்குக்கு மேற்பட்டால் அந்த எண்ணெயை உபயோகிக்கலாகாது என்ற விதி 2018 ஜூலை முதல் அமுலுக்கு வந்தது. பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் ஸ்தாபனங்கள் அதற்குக் கணக்கு வைத்து, கழித்த எண்ணெயை அங்கீகாரம் பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்று 2019-ஆம் வருஷம் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். அந்த எண்ணெயிலிருந்து வண்டிகளுக்கு எரிபொருள் செய்யும் ஏற்பாடும் உண்டு. இது உண்பவர் உடல்நலத்தைக் கருதிய விதி, நல்ல விதி. ஆனால் 50 லிட்டருக்குக் குறைந்த கடைகளை இந்தக் கணக்கு தொடவில்லை. அதைவிட முக்கியமாக, தட்டு கழுவும் தொட்டியின் வழியாகப் போகும் நெய்யையும் கொழுப்பையும் இது தொடவே இல்லை.

ஆக, வாணலியில் ஒரு காவல். குழியில் ஒரு காவல். இரண்டுக்கும் நடுவே, கழுவும் தொட்டியிலிருந்து வீதிக் குழாய் வரையில் உள்ள சில கஜ தூரத்தில் காவல் எங்கே? தீமை பிறக்கும் இடமோ அதுதான். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், பொதுச் சாக்கடையில் விடப்படும் நீரில் எண்ணெயும் கொழுப்பும் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று ஓர் அளவு எழுதப்பட்டிருக்கிறது. அந்த அளவை அறிய நீரைச் சேகரித்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும். நகரத்தின் ஒவ்வொரு சமையலறை வாசலிலும் உத்தியோகஸ்தர் ஒருவர் சீசாவோடு நிற்பது நடக்கிற காரியமா? பெரிய ஆலைக்குப் பொருந்தும் அளவுகோலைப் பரோட்டாக் கடையின் பின்புறத்தில் வைத்தால், விதி புத்தகத்தில் இருக்கும். எண்ணெய் குழாயில் இருக்கும்.

ஆகையால், ஒழுங்குபடுத்த வேண்டியது மில்லிகிராமை அன்று. ஒரு தொட்டியை என்பது நமது திடமான அபிப்பிராயம். எண்ணெய் நீரைவிட லேசானது என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். கழுவிய நீரை நேரே குழாயில் விடாமல், தடுப்புப் பலகைகள் வைத்த ஒரு தொட்டியில் மெதுவாக ஓடவிட்டால், எண்ணெய் மேலே மிதக்கும்; கசடு கீழே தங்கும்; நடுவில் உள்ள நீர் மட்டும் வெளியே போகும். அடுத்தடுத்து அதை வழித்தெடுக்க வேண்டும். தொட்டியில் நாலில் ஒரு பங்கு நிறைந்ததும் சுத்தம் செய்ய வேண்டும் என்பது அயல்நாடுகளில் வழங்கும் விதி. தொட்டி இருக்கிறதா, இல்லையா? வழித்தெடுத்த தேதி புத்தகத்தில் எழுதியிருக்கிறதா, இல்லையா? இதைப் பார்க்கப் பரிசோதனைச் சாலை வேண்டாம். கண்ணும் நேர்மையும் போதும்.

இது நடக்காத காரியம் என்று எவரும் சொல்ல வேண்டாம். நம்மைப் போலவே வெயிலும் மழையும் உள்ள சிங்கப்பூரில், நம்மவர் தேக்காவில் நடத்தும் தோசைக் கடை உட்பட உணவுச் சாலைகள் இத்தகைய தொட்டி வைத்தே தொழில் செய்கின்றன. வழித்தெடுத்த கொழுப்பை லைசென்ஸ் பெற்றவர்களே கொண்டு போகிறார்கள். அங்கேயும் ஒரு காலத்தில் தெருவோரக் கடைகள் சாக்கடையில் எல்லாவற்றையும் கொட்டின. சர்க்கார் அவர்களை விரட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1971 முதல் 1986 வரையில் குழாயும் வடிகாலும் உள்ள பொது உணவு அங்காடிகளைக் கட்டி அங்கே குடியேற்றினார்கள். முதலில் வசதி, பிறகு விதி என்பதே நாம் அங்கே கற்க வேண்டிய பாடம்.

சிறு கடைக்காரரின் முறையீட்டுக்கு இதில் பதில் இருக்கிறது. “வாடகைக்கும் எரிவாயுவுக்குமே வருமானம் போதவில்லை, தொட்டிக்கு எங்கே போவேன்?” என்று இட்டிலிக் கடை நடத்தும் ஏழைப் பெண் கேட்டால், அது நியாயமான கேள்வி. இருநூறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் போஜன சாலைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் உள்ள விதியை அவள் தலையில் சுமத்துவது அநீதி. பெரிய ஸ்தாபனங்கள் தங்கள் செலவிலேயே தொட்டி கட்ட வேண்டும். தொட்டியில்லாமல் புதிய லைசென்ஸ் கிடையாது என்றும், பழைய ஸ்தாபனங்களுக்கு ஒரு தவணை என்றும் ஏற்படுத்தலாம். கடைகள் நெருங்கிய வீதிகளிலோ கார்ப்பரேஷனும் வாரியமும் சேர்ந்து பொதுத் தொட்டி கட்டிச் சிறு கட்டணம் வாங்கலாம். தட்டைக் கழுவுமுன் காகிதத்தாலோ இலையாலோ வழித்துக் குப்பையில் போடுவதற்குப் பணமே வேண்டாம். பழக்கம் ஒன்றே வேண்டும். இது நம் வீடுகளுக்கும் பொருந்தும்.

இன்னொரு அபாயத்தையும் எச்சரிக்கிறோம். சேகரித்த கொழுப்பு எங்கே போகிறது என்று பார்க்காவிட்டால், அது வேறு வழியாக நம் வயிற்றுக்கே திரும்பிவிடும். 2014-ஆம் வருஷம் தைவானில் கழிவு எண்ணெயைச் சுத்தம் செய்து சமையல் எண்ணெயோடு கலந்து விற்ற மோசடி வெளிப்பட்டு, நாடே கலங்கியது. எனவே எடுத்தவர் யார், எவ்வளவு, எங்கே இறக்கினார் என்ற மூன்றும் கணக்கில் இருக்க வேண்டும். கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் உள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் எரிவாயு உண்டாக்க இக்கொழுப்பு பயன்படக் கூடுமாதலால், அதற்கும் வழி தேடலாம். அடைபட்ட சாக்கடையிலிருந்து மழைநீர்க் கால்வாய்க்கு வழிந்து, கூவத்தையும் அடையாற்றையும் பக்கிங்ஹாம் கால்வாயையும் கெடுப்பதைவிட அது எத்தனையோ மேல்.

விதி செய்யும்போது உத்தியோகஸ்தர்கள் கையில் மற்றொரு மாமூல் வழியைத் திறந்துவிடவும் கூடாது. எந்தெந்த ஹோட்டலில் தொட்டி பரிசோதிக்கப்பட்டது, எந்தத் தேதியில், முடிவு என்ன என்பதை வட்டாரந்தோறும் பகிரங்கமாகப் பிரசுரிக்க வேண்டும். வீதியில் அடைப்பு நேர்ந்து, அது கொழுப்பினால் என்று தெரிந்தால், மேல்புறத்தில் உள்ள சமையலறைகளை அன்றைக்கே பார்வையிட்டு, தொட்டியைக் கவனியாதவரிடமிருந்தே அடைப்பெடுக்கும் செலவை வசூலிக்க வேண்டும். அசுத்தம் செய்தவர் லாபத்தை எடுத்துக்கொள்ள, செலவைப் பொது ஜனங்களும் ஆபத்தைத் தொழிலாளியும் ஏற்பது எந்தத் தர்ம சாஸ்திரம்?

பிரதேச சுயாட்சி என்பது கவுன்சிலர்கள் மாலை போட்டுக்கொள்வதற்காக ஏற்பட்டதன்று. பூமிக்கடியில் உள்ள குழாயையும் அதனருகே வேலை செய்யும் மனிதனையும் காப்பாற்றுவதே அதன் உண்மைப் பரீட்சை. ஒரு உயிர் போன பிறகு 30 லட்சம் ரூபாய் கொடுக்கச் சித்தமாயிருக்கும் சர்க்கார், அந்த உயிர் போகாமலிருக்க ஒரு தொட்டியைக் கட்டச் சொல்லத் தயங்குவதேன்? வாரியமும் கார்ப்பரேஷனும் உணவுப் பாதுகாப்பு இலாகாவும் பொறுப்பை ஒருவர்மேல் ஒருவர் தள்ளாமல் ஒன்றாக உட்கார்ந்து, இவ்வருஷத்திலேயே ஒரு திட்டம் வெளியிட வேண்டும். ஹோட்டல் முதலாளிகள் சங்கத்தார் நிர்ப்பந்தத்துக்குக் காத்திராமல் தாங்களே முன்வந்தால், அது அவர்களுக்கும் கீர்த்தி; நகரத்துக்கும் க்ஷேமம். வட்டாரந்தோறும் உள்ள தேச ஊழியர்கள் தங்கள் கவுன்சிலரைக் கண்டு இந்தக் கேள்வியைக் கேட்பார்களாக.