உண்ணிச்செடி வேலி

தோட்டத்திற்கு வேலி அமைக்கக் கருதுவோருட் சிலர் இன்னும் உண்ணிச்செடியைக் கொணர்ந்து நடுகின்றனர். அதற்குத் தண்ணீர் வார்க்க வேண்டுவதில்லை. ஆடுமாடுகள் அதை எளிதில் மேய்வதில்லை. மஞ்சளும் சிவப்பும் கலந்த பூங்கொத்துக்களும் பார்வைக்கு இனியன. ஆயினும் இக்குணங்களே பின்னர்ப் பெருந் தீமையாய் முடிகின்றன.

இச்செடி அமெரிக்காவின் வெப்பப் பிரதேசங்களுக்கு உரியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலங்காரத்தின் பொருட்டுக் கல்கத்தா தாவரத் தோட்டத்திற்குக் கொணரப்பட்டது. இதன் கனிகளைக் கொண்டைக்குருவி, மைனா முதலிய பறவைகள் உண்டு விதைகளை எங்கும் பரப்புகின்றன. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புல் முளைக்கவொட்டாது இது மண்டிக் கிடப்பதைக் காணலாம். ஆதலின் ஒருவர் வைக்கும் வேலி அவர் எல்லையோடு நிற்பதன்று. அயலார் தரிசையும் ஊர் மேய்ச்சலையும் அது கவர்ந்துகொள்ளும்.

இலையிலுள்ள லான்டடீன் என்னும் நஞ்சு கால்நடைகளின் ஈரலைக் கெடுக்கும். பழகிய மாடு இதை விலக்கும். வறட்சியிற் பசித்த மாடும், வெளியூரிலிருந்து புதிதாய் வாங்கிவந்த மாடும் தின்றுவிடும். தீனி எடாமை, மலச்சிக்கல், கண்ணில் மஞ்சள் நிறம், வெயில் பட்டால் வெள்ளைத் தோல் வெடித்துப் புண்ணாதல் ஆகியவை அடையாளங்கள். அத்தகைய மாட்டை உடனே நிழலிற் கட்டிக் கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும்.

சப்பாத்திக்கள்ளியைப் பூச்சி அழித்ததுபோல இதனையும் அழிக்குமென்று சிலர் வாளாவிருக்கின்றனர். 1926-இல் தென்னாட்டிற்கு வந்த கொச்சினீல் பூச்சி கள்ளியை ஒடுக்கியது உண்மையே. ஆனால் 1941-இல் உண்ணிச்செடிக்கெனத் தருவிக்கப்பட்ட பூச்சியால் அத்தகைய பயன் விளையவில்லை. எனவே மண்வெட்டியையே நம்புதல் தகும்.

மேலே வெட்டினாலும் எரித்தாலும் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். காய்க்குமுன், மண்மட்டத்திற்குச் சற்றுக் கீழே ஆணிவேரை அறுத்து, தூரைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிடல் வேண்டும். அடுத்த மழைகளில் முளைக்கும் கன்றுகளைத் தவறாது களைதலும், வெற்றிடத்திற் புல் விதைத்தலும் இன்றியமையாதன. வேலிக்குக் கிளுவையும் நொச்சியும் உள்ளன. ஆடு தொடாத செடி வேண்டுவோர்க்கு ஆடாதோடையும் உண்டு.

பட்டாதாரர் தம் நிலத்தைச் சுத்தம் செய்தும் அடுத்த புறம்போக்கில் புதர் நிற்குமாயின், பறவைகள் விதையைத் திரும்பக் கொணரும். கிராம அதிகாரிகள் இதனை ஊர்க்காரியமாகக் கொண்டு, மந்தைவெளியிலும் பாதையோரத்திலும் ஒரே பருவத்தில் களையச் செய்வார்களாயின் குடிகளின் உழைப்பு வீண்போகாது.