முதலில் செவி, பிறகு விழி
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்)

இசை எதற்கு விருந்து என்று கேட்டால், செவிக்கு என்றே எல்லோரும் விடை சொல்வோம். 'பாட்டுக் கேட்டேன்' என்பது நம் பாட்டிமார் வழக்கு. இன்றோ நம் வகுப்புத் தோழர்கள், 'அந்தப் பாட்டைப் பார்த்தாயா?' என்று கேட்கிறார்கள். கையிலிருக்கும் செல்பேசியில் பாட்டு, படத்தோடு ஒட்டியே பிறக்கிறது. இது வெறும் சொல் மாற்றமா? இசையை நாம் சுவைக்கும் முறையே மாறிவிட்டதா? இதைப் பற்றி என் சிற்றறிவுக்கு எட்டிய கருத்தை இங்கே வைக்கிறேன்.

ஊர்க்கதை சொல்லும் பாடம்

வானூர் வட்டத்திலுள்ள எங்கள் இரும்பை சிற்றூர்தான். ஆனால் இங்குள்ள மாகாளேசுவரர் கோயில் திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்றது. மூன்றாகப் பிளந்த லிங்கத்தை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி வழிபடும் கோயில் அது. அந்தப் பிளவுக்கு ஒரு கதை உண்டு. கோயில் விழாவில் வள்ளி என்னும் நடனமாது ஆடிக்கொண்டிருந்தாள். அவள் காற்சிலம்பு கழன்று விழுந்தது. ஆட்டம் தடைப்படக் கூடாதே என்று கடுவெளிச் சித்தர் அதை எடுத்து அவள் காலில் பூட்டினார். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. உள்ளம் நொந்த சித்தர் பாடினார். லிங்கம் வெடித்தது என்பது கதை.

இதில் பக்தி காண்போர் பக்தி காணட்டும். நான் காண்பது வேறொன்று. சித்தர் காத்தது ஆட்டத்தின் ஒழுங்கை. கூட்டம் கண்டதோ ஒரு துறவி ஒரு பெண்ணின் காலைத் தொட்டதை. கலையைக் காக்க நீண்ட கை, பார்த்தவர் கண்ணுக்குக் களங்கமாகத் தெரிந்தது. கண் அவசரக்காரன், காது விசாரிக்கும் முன்பே தீர்ப்பெழுதிவிடுகிறது.

கண் செய்யும் மாயம்

ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஒலி காற்றில் சுமார் 340 மீட்டர்தான் நடக்கிறது. மேடைக்கும் நமக்கும் 34 மீட்டர் இருந்தால், தாளக்காரர் கை தட்டுவதைக் கண்ட பிறகு பத்தில் ஒரு பங்கு நொடி கழித்தே ஓசை வந்து சேரும். இயற்கையிலேயே ஒளிக்கு முந்தும் குணம் உண்டு.

மூளையிலும் ஒரு விந்தை நடக்கிறது. 'பா' என்னும் ஒலியோடு, 'கா' என்று உச்சரிக்கும் வாயசைவைச் சேர்த்துக் காட்டினால், பலருக்கு அது 'டா' என்று கேட்கிறது. மெக்கர்க், மெக்டொனால்டு என்னும் இருவர் 1976-இல் வெளியிட்ட ஆய்வு இது. கண் காண்பது, காது கேட்பதையே மாற்றிவிடுகிறது!

2013-இல் சியா ஜுங் ட்சே என்னும் ஆய்வாளர் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. பெரிய இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றுக்கு வந்த மூவரில் வென்றவர் யார் என்று கேட்டார். ஒலியை மட்டும் கேட்டவர்களின் விடை குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மேலாக இல்லை. ஒலியே இல்லாத ஊமைப்படத்தைப் பார்த்தவர்களோ ஏறத்தாழப் பாதி முறை சரியாகச் சொல்லிவிட்டார்கள். 'இசையில் ஒலியே முக்கியம்' என்று முன்னதாகச் சொன்னவர்களும் அவர்களில் இருந்தார்கள். இசையையே தொழிலாகக் கொண்டவர்களும் இதற்கு விலக்கல்லர். அப்படியானால் அந்தப் போட்டிகளின் நடுவர்கள் எதற்குப் பரிசு கொடுத்தார்கள்? விரலுக்கா? விரல் அசைந்த அழகுக்கா?

காட்சி பகையா?

இதனால் காட்சியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இயல், இசை, நாடகம் என்று மூன்றையும் ஒரே தமிழாகப் போற்றியவர்கள் நாம். எங்கள் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் திரௌபதி அம்மன் விழா என்றால் விடிய விடியத் தெருக்கூத்து. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய கிரீடமும் புஜக்கட்டையும், அதில் பதித்த கண்ணாடிச் சில்லுகளும் வெளிச்சத்தில் மின்ன, துரியோதனன் சுழன்றாடும்போது எழும் பாட்டை, கண்ணை மூடிக்கொண்டு கேட்பவன் பாதியை இழந்தவன். முகவீணையும் மிருதங்கமும் அந்தக் கிறுகிறுப்புக்காகவே பிறந்தவை.

மறுபுறம், சென்னையில் 1938-லும் திருச்சியில் 1939-லும் வானொலி நிலையங்கள் வந்தபோது, முகமே காட்டாத குரல் மட்டும் தெருத்தெருவாக நுழைந்தது. அதே 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடும் பின்னணிப் பாட்டு தமிழ்த் திரைக்கு அறிமுகமாயிற்று. முகத்திற்கு ஒருவர், குரலுக்கு ஒருவர்! டி.எம்.சௌந்தரராஜன் சிவாஜிக்கு ஒரு விதமாகவும் எம்.ஜி.ஆருக்கு ஒரு விதமாகவும் குரலைக் குழைத்துப் பாடினார். காட்சியை மனத்தில் வைத்தே ஒலி படைத்த கலைஞர் அவர். ஆக, காட்சி இசைக்கு உரமும் ஆகும்; களையும் ஆகும்.

களையாவது எப்போது? தோற்றம் தகுதியாக மாறும்போது. நாதசுவரச் சக்கரவர்த்தி டி.என்.இராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்தார், ஷெர்வானி அணிந்தார். ஆடம்பரம் என்றார்கள். எனக்கோ அது ஒரு போர்முறையாகவே தோன்றுகிறது. கண்ணால் மதிப்பிடும் உலகில், அவர் தம் கலைக்குரிய மதிப்பைக் கண்ணின் வழியாகவே வசூலித்தார். எல்லாக் கலைஞருக்கும் அந்த வசதி வாய்க்குமா? தோளில் பறை தொங்குவதைக் கண்டதும் முகம் சுளிப்பவன், அதன் அடவுகளை எப்படிக் கேட்பான்?

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இங்கே என்னைப் போன்றவர்கள் பலர். சென்ற ஆண்டு வெளியூர்ப் பாட்டுப்போட்டி ஒன்றுக்கு என் தோழன் ஒருவன் இரவல் சட்டையில் போனான். மதிப்பெண் தாளில் சுருதி, தாளம் என்ற கட்டங்களோடு 'மேடைத் தோற்றம் – 10' என்றும் ஒரு கட்டம் இருந்தது. அந்தப் பத்தில் அவனுக்குக் கிடைத்தது இரண்டு. குரலைத் திருத்திக்கொள்ள உழைப்புப் போதும். தோற்றத்தைத் திருத்திக்கொள்ளப் பணமல்லவா வேண்டும்?

திரை வேண்டும்

வழி இல்லாமல் இல்லை. 1970-களிலிருந்து அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்கள் பல, ஆளெடுக்கும்போது வாசிப்பவரைத் திரைக்குப் பின்னால் நிறுத்தின. காலணி ஓசையில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடாதிருக்கச் சில இடங்களில் கம்பளமும் விரித்தார்கள். அதன்பின் அக்குழுக்களில் பெண்களின் தொகை உயர்ந்தது. திரை ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் திரைக்கும் அதில் பங்குண்டு என்று ஆய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

திரை நமக்குப் புதிதா? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைச் சொல்கிறது. எங்கள் கூத்திலும் கட்டியங்காரன் அறிவித்தபின், இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து வேடக்காரர் முதலில் பாடுகிறார். பிறகுதான் திரை விலகுகிறது. முதலில் குரல், அடுத்து முகம். அந்த முறையில் குரலுக்கும் மதிப்புண்டு, முகத்திற்கும் மதிப்புண்டு.

ஆகவே நம் பேராசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: அடுத்த ஆண்டு நம் கல்லூரிப் பாட்டுப்போட்டியின் முதற்சுற்றைத் திரைக்குப் பின்னால் நடத்துங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். இறுதிச் சுற்றில் திரையை விலக்குங்கள். பட்டும் பளபளப்பும் அப்போது வரட்டும். செலவு ஒரு பழைய வேட்டியும் இரண்டு கம்பமும்தான்.

தோழர்களே, நீங்களும் ஒன்று செய்யலாம். புதிதாக ஒரு பாட்டு வந்தால் ஒருமுறை செல்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். பிறகு படத்தோடு பாருங்கள். பாட்டு நின்றால் அது பாட்டு. படம் மட்டும் நின்றால் அது படம். இரண்டும் நின்றால் நமக்கு இரட்டை விருந்து!