டப்பா டிவிக்குள் அண்டர்டேக்கர்!

இந்த வாரம் உங்களுக்கு ஒரு குட்டி ஹோம்வொர்க். உங்க வீட்டுப் பரண், மாட்டுக் கொட்டகை, அப்பத்தா ரூம்... எங்கேயாவது ஒரு 14 இன்ச் கலர் டிவி தூங்கிட்டு இருக்கான்னு பாருங்க. 2006 செப்டம்பர் 15-ம் தேதி ஆரம்பிச்சு, 2011 வரைக்கும் தமிழக அரசு வீடு வீடா கொடுத்துச்சே, அதே இலவச டிவிதான். ஒன்றரைக் கோடி டிவிக்கு மேல கொடுத்தாங்க. இப்ப பல வீட்டுல அது மேல ரேஷன் பை உட்கார்ந்திருக்கு, இல்லைன்னா கோழி முட்டை போட்டுக்கிட்டு இருக்கு!

பழைய இரும்புக்காரர் கையில அதைத் தூக்கிக் கொடுக்கறதுக்கு முன்னாடி, இந்தப் பக்கத்தை ஒரு தடவை படிச்சிடுங்க. ஏன்னா, ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குற எல்.இ.டி. டிவியே அதுகிட்ட தோத்துப் போற ஒரு மேட்டர் இருக்கு. ரெஸ்லிங் கேம்!

எங்க வீட்டுல ஓடுறது பிளேஸ்டேஷன் 2. கேம் பேரு ‘ஸ்மாக்டவுன் - ஹியர் கம்ஸ் தி பெயின்’. ஜப்பான்காரங்க யூக்ஸ் கம்பெனி செஞ்சு, அமெரிக்காவோட டி.ஹெச்.க்யூ. கம்பெனி 2003 அக்டோபர்ல ரிலீஸ் பண்ணினது. நான் பிறக்கறதுக்கு முன்னாடி வந்த கேம் பாஸ்! சிங்கப்பூர்ல வேலை பார்த்த மாமா லீவுல வரும்போது, தைலம், சாக்லேட், டார்ச் லைட்டோட சேர்த்து கொண்டு வந்தது அந்த கறுப்புப் பெட்டி. ஆலங்குடிப் பக்கம் அந்தக் காலத்துல பாதி வீட்டு எலெக்ட்ரானிக்ஸ் அப்படி வந்ததுதான்.

அதுக்கு அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணுன்னு எத்தனையோ ரெஸ்லிங் கேம் வந்தாச்சு. வேர்வை வழியறது கூட அச்சு அசலா தெரியுது. ஆனா, இன்னிக்கும் இந்த கேம்தான் டாப்னு சண்டை போட ஒரு கூட்டமே இருக்கு. நானும் அந்தக் கூட்டம்தான்.

காரணம் சிம்பிள். இந்த கேம்ல உடம்புக்கு மரியாதை உண்டு. திரையில ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குட்டி மனுஷப் படம் இருக்கும். காலைப் பிடிச்சு முறுக்கிக்கிட்டே இருந்தீங்கன்னா, அந்தப் படத்துல கால் மட்டும் கலர் மாறி மாறி சிவப்பாகிடும். அப்புறம் அவன் நொண்டுவான். அதே மாதிரி எடைக்கும் மரியாதை. ரே மிஸ்டீரியோவை வெச்சுக்கிட்டு பிக் ஷோவைத் தலைக்கு மேல தூக்கணும்னு நினைச்சா... சான்ஸே இல்லை! பொடியன் பொடியனுக்குள்ள புத்தியோடதான் ஆடணும். பிடி போடறதுலயே நாலு ரகம்... வேகமா போடறது, பலத்தால போடறது, ஆளோட ஸ்பெஷல், கடைசியா ‘விட்டுடுப்பா சாமி’ன்னு கதற வைக்கிறது.

எல்லாத்துக்கும் மேல, தப்பிக்கிற பட்டன். எதிராளி பிடி போட வர்ற அந்த நொடியில அதை அழுத்தினா, அவன் பிடி அவனுக்கே திரும்பிடும். கொஞ்சம் முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. வாடிவாசல்ல திமிலைப் பிடிக்கிற டைமிங் மாதிரின்னு வெச்சுக்குங்களேன். (நம்ம தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டு பார்த்தவங்களுக்குப் புரியும்!) இந்த கேமோட உயிரே அந்தக் கண்ணிமைக்கிற நேரத்துலதான் இருக்கு.

இப்ப மேட்டருக்கு வர்றேன். போன செமஸ்டர்ல ஹாஸ்டல் காமன் ரூமுக்கு இந்த பிளேஸ்டேஷனைத் தூக்கிட்டுப் போனேன். 43 இன்ச் எல்.இ.டி. டிவி. அதுல மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் சொருகுற ஓட்டையே இல்லை. ஒரு கன்வெர்ட்டர் வாங்கி ஹெச்.டி.எம்.ஐ.-ல மாட்டினோம். படம் என்னவோ பெருசா வந்துச்சு. ஆனா, வீட்டுல பத்துக்கு ஏழு தடவை தப்பிக்கிற நான், அங்கே பத்துக்கு ரெண்டு கூட தேறலை. ரூம்மேட்ஸ் எல்லாம் ‘உன் பில்டப் எல்லாம் இவ்ளோதானா?’ன்னு ஒரு லுக் விட்டாங்க பாருங்க...

ஈ.சி.இ. படிக்கிற பொண்ணு சும்மா விடுவேனா? காரணத்தைத் தோண்டினேன். பழைய டப்பா டிவியில பிக்சர் ட்யூபுக்குப் பின்னாடி இருந்து எலெக்ட்ரான் கற்றை வந்து, திரையில கோடு கோடா படம் வரையுது. நம்ம ஊர் ‘பால்’ முறையில ஒரு செகண்டுக்கு 50 தடவை. சிக்னல் வர வர வரைஞ்சுக்கிட்டே போகும். சேர்த்து வெச்சுக்கிற பழக்கமே அதுக்குக் கிடையாது. எல்.இ.டி. டிவி அப்படி இல்லை. வந்த படத்தை முதல்ல வாங்கி வெச்சுக்கும். ஒத்தைப்படைக் கோடு, இரட்டைப்படைக் கோடுன்னு தனித்தனியா வர்றதை ஒண்ணாக் கோர்க்கும். அப்புறம் பெரிய திரைக்கு இழுத்து நீட்டும், மேக்கப் போடும், அப்புறம்தான் காட்டும். ஒரு தடவை காத்திருந்தா 20 மில்லி செகண்ட். நாலஞ்சு தடவை காத்திருந்தா ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு காலி. சீரியல் பார்க்கிறவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. தப்பிக்கிற பட்டன் அழுத்தறவங்களுக்கு அதுக்குள்ள முதுகு தரையில!

அதாவது, திரையில நான் பார்க்கிற பிராக் லெஸ்னர் ஏற்கெனவே பழைய லெஸ்னர். நிஜ லெஸ்னர் என்னைத் தூக்கி முடிச்சிருப்பான். டிவியில ‘கேம் மோட்’ இருந்தா போடுங்க, மேக்கப் வேலையைக் குறைச்சுக்கும். காம்போனன்ட் கேபிள் கிடைச்சா இன்னும் நல்லது. அப்பவும் டப்பா டிவி டப்பா டிவிதான்.

சரி, இவ்ளோ கஷ்டப்பட்டு எதுக்கு இதை ஆடணும்? மொபைல்ல ஆயிரம் கேம் இருக்கேன்னு நீங்க கேட்கலாம். எங்க பெரியப்பா பையன், அதான் எங்க அண்ணன், ஸ்கூல் படிக்கும்போது புதுக்கோட்டை டவுன்ல கேம் கடைக்குப் போவான். மணிக்கு இவ்ளோன்னு காசு. நெருக்கி நாலு டிவி, வாசல்ல செருப்புக் குவியல், உள்ளே ஒரே பசங்க கூச்சல். அந்த மாதிரி கடைக்குள்ள ஒரு பொண்ணு போய் உட்கார்ந்ததா நான் கேள்விப்பட்டதே இல்லை. யாரும் போர்டு மாட்டித் தடுக்கலை. ஆனா, எந்த வீட்டுல விடுவாங்க? அதனால எனக்கு ரெஸ்லிங் கேம்னா அது வீட்டு நடுக்கூடத்துல, தரையில, அண்ணனுக்குப் பக்கத்துல உட்கார்ந்து ஆடுறதுதான். ரெண்டு கண்ட்ரோலர். அவனுக்கு நல்லது, எனக்கு ட்ரையாங்கிள் பட்டன் ஒட்டிக்கிற ஓட்டை கண்ட்ரோலர். அண்ணன்னா அப்படித்தானே!

எனக்குப் பிடிச்ச ஆள் லிட்டா. ‘ஏ புள்ள, அண்டர்டேக்கரை எடுத்தாலே நீ தோப்ப, இதுல லிட்டா வேறயா?’ன்னு சிரிப்பான். ‘நீ முதல்ல பிடிச்சுக் காட்டுண்ணே’ன்னு நான். பின்னாடி கட்டில்ல எங்க அப்பத்தா. அவங்களுக்கு இது கேமா, நிஜமாங்கிற குழப்பம் கடைசி வரைக்கும் தீரவே இல்லை. கீழே விழுந்தவனை எவனாவது மிதிச்சா போதும், ‘அட நாசமாப் போறவனே, விழுந்து கிடக்கிறவனை மிதிக்கிறியே’ன்னு வெத்தலைச் சாறு தெறிக்கத் திட்டுவாங்க. நிஜ ரெஸ்லிங்கே முடிவு பண்ணி வெச்சு ஆடுறதுதான்னு அண்ணன் ஒருநாள் விளக்கினான். ‘அப்ப நீங்க ஆடுறதுதான்டா நிஜம், யாரு செயிப்பான்னு முன்னாடியே தெரியலையே’ன்னாங்க. எம்.டெக். முடிச்சாலும் எனக்கு அந்த பாயின்ட் தோணியிருக்காது!

அப்புறம் கரன்ட். 2012-ஐ ஞாபகம் இருக்கா? சென்னைக்கு வெளியே இருந்தவங்க யாரும் மறக்க முடியாது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல கட். எனக்கு அப்ப ஏழு வயசு. அண்ணன் சீஸன் மோட்ல மாசக்கணக்கா ஆடி ரெஸில்மேனியா வரைக்கும் வந்திருப்பான். சேவ் பண்றதுக்கு ஒரு மேட்ச் பாக்கி இருக்கும்போது... டொப்! திரைக்கு நடுவுல ஒரு வெள்ளைப் புள்ளி சுருங்கி மறையும். வீடே சத்தமில்லாம இருக்கும். அதுக்கப்புறம் அவன் ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சதும் மெமரி கார்டுல சேவ் பண்ணாம எந்திரிச்சதே இல்லை.

அந்த மெமரி கார்டு வெறும் 8 எம்.பி. இன்னிக்கு வாட்ஸ்அப்ல வர்ற ஒரு குட்மார்னிங் வீடியோ அதைவிடப் பெருசா இருக்கும். ஆனா, அதுக்குள்ள ஒரு ஆள் இருக்கான். இந்த கேம்ல நாமே ஒரு வீரனை உருவாக்கலாம். அண்ணன் உருவாக்கின ஆள் பேரு ‘அய்யனார்’. முறுக்கு மீசை, வேட்டி இல்லாததால வெள்ளை நிறத்துல ஏதோ ஒண்ணு, கழுத்துல தாயத்து மாதிரி ஒரு செயின். ஜான் சினாவை, அதுவும் ராப் பாடிக்கிட்டு சங்கிலி போட்டுக்கிட்டு சுத்தின அந்தக் கால சினாவை, அய்யனார் அடிச்ச அடி இருக்கே... அப்பத்தா எந்திரிச்சு உட்கார்ந்துட்டாங்க.

யோசிச்சுப் பார்த்தா அந்த டிஸ்க் ஒரு குரூப் போட்டோ மாதிரி. எடி கெரேரோ 2005 நவம்பர்லயே போய்ச் சேர்ந்துட்டார். பழைய ஜாம்பவான்கள் லிஸ்ட்ல இருக்கிற ஹாக், கேம் ரிலீஸுக்கு சுமார் ஒரு வாரம் முன்னாடி இறந்தவர். ரௌடி பைப்பர் 2015, அயர்ன் ஷேக் 2023. அண்டர்டேக்கர் 2020-ல தொப்பியைக் கழட்டி வெச்சுட்டார். சினா 2024-ல ஓய்வை அறிவிச்சார். டி.ஹெச்.க்யூ. கம்பெனியே 2012 டிசம்பர்ல திவால். டெலிகாஸ்ட்டும் டென் ஸ்போர்ட்ஸ் காலம் போய், 2025 ஏப்ரல்ல இருந்து இந்தியாவுல நெட்ஃப்ளிக்ஸ். ஆனா, டிஸ்க்கைப் போட்டா எல்லாரும் மீசை நரைக்காம வந்து நிக்கிறாங்க. கூடவே அய்யனார்.

அண்ணன் இப்ப சிங்கப்பூர்ல கப்பல் கட்டுற யார்டுல வேலை. அப்பத்தா இல்லை. 2018 நவம்பர் கஜா புயல்ல பக்கத்துத் தோப்புல தென்னை, பலா எல்லாம் சாய்ஞ்சு, எங்க வீட்டு ஓடு பாதி பறந்தப்போ, அப்பத்தா தார்ப்பாயை முதல்ல போர்த்தினது அரிசி மூட்டை மேல, அடுத்தது இந்த டிவி மேல. கரன்ட் வந்து சேரவே வாரக்கணக்காச்சு. ஸ்விட்ச் போட்டதும் டிவி ‘டொய்ங்’னு எந்திரிச்சுது.

போன மாசம் பழைய இரும்புக்காரர் எங்க தெருவுக்கு வந்தார். அம்மா டிவியைக் காட்டி விலை பேசிட்டாங்க. இருநூறு ரூபாய். ஒரு பிரியாணி காசு! நல்ல வேளை, நான் லீவுல இருந்தேன். அம்மாகிட்ட சென்டிமென்ட் எடுபடாதுன்னு தெரியும், அதனால கெமிஸ்ட்ரி பேசினேன். பிக்சர் ட்யூப் கண்ணாடியில ஈயம் இருக்கு. இவங்க பின்னாடி இருக்கிற தாமிரக் கம்பிக்காக உடைச்சுட்டு கண்ணாடியைக் குளக்கரையில கொட்டுவாங்க, நம்ம மாடுதானே அங்கே மேயுதுன்னேன். மாடுன்னதும் அம்மா பேரத்தை நிறுத்திட்டாங்க. தெருவுல மத்த ரெண்டு வீட்டு டிவி அன்னிக்கே போயிடுச்சு. போனது போனதுதான், இனிமே யாரும் புதுசா டப்பா டிவி செஞ்சு விக்கப் போறதில்லை.

உங்க வீட்டுல இருந்தா ஒரே ஒரு வேண்டுகோள். ஈரம் படாம வைங்க, மாசம் ஒரு தடவை அரை மணி நேரம் ஓட விடுங்க, ஸ்பீக்கரைப் பக்கத்துல வைக்காதீங்க. பின்பக்கத்தை மட்டும் நீங்களா கழட்டாதீங்க ப்ளீஸ்! உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல ஓடும். ஆஃப் பண்ணின பிறகும் கொஞ்சம் உள்ளேயே தங்கியிருக்கும், ஒரு உதை விட்டா அண்டர்டேக்கரோட சோக்ஸ்லாமே தோத்துடும்.

நான் இன்னொரு மெமரி கார்டு செகண்ட் ஹேண்ட்ல பிடிச்சுட்டேன். ஒண்ணாம் ஸ்லாட்டுல இருந்து லோட் பண்ணி, ரெண்டாம் ஸ்லாட்டுல சேவ் பண்ணியாச்சு. இப்ப அய்யனார் ரெண்டு பேர். அண்ணன் பொங்கலுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான். ‘அய்யனாரை நான்தான் எடுப்பேன், நல்ல கண்ட்ரோலர் எனக்கு’ன்னு இப்பவே போன்ல புக் பண்ணிட்டான்.

டிவியில ஒரு மூலையில மட்டும் பச்சையா ஒரு கறை விழுந்திருக்கு. ஆன் பண்ணும்போது வர்ற அந்த ‘டொய்ங்’ சத்தமும் இப்ப இல்லை. டவுன்ல பழைய டிவி ரிப்பேர் பார்க்கிற அண்ணன்கிட்ட வீடியோ எடுத்துக் காட்டினேன். ட்யூபோட காந்தத்தை எடுக்கிற காயில் வேலை செய்யலை, தெர்மிஸ்டர் போயிருக்கும், சின்ன பார்ட்தான்னார். கடையில ஸ்டாக் இல்லையாம். சனிக்கிழமை திருச்சி சிங்காரத்தோப்புப் பக்கம் போய்த் தேடணும்.