பிரிட்டன் வெளியேறியதும் திருப்பூர் கைதட்டியதும்: ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து, பனியன் தொழிலை நம்பி வாழும் திருப்பூர் ஊராருக்கு.

ஒரு நாடு தான் சேர்ந்திருக்கும் ஒன்றியத்தை விட்டு வெளியேறலாமா என்ற கேள்விக்குத் திருப்பூரில் இப்போது ஒரே பதில்தான் கேட்கிறது: வெளியேறலாம், பிரிட்டன் வெளியேறியதால்தானே நமக்கு வரி போகிறது! 2025 ஜூலை 24-ல் இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது முதல் இந்தப் பேச்சு நடக்கிறது. அடுத்த மாதமே அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும், லண்டன் ஆர்டரே கதி என்று குரல் இன்னும் உயர்ந்தது. வரிக் கணக்கில் பொய் இல்லை. கணக்கு பாதியில் நிற்கிறது என்பதுதான் குறை.

பிரிட்டன் 1973 ஜனவரி 1-ல், பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியமான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், 1975-ல் நடந்த வாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் தொடர்ந்து இருக்கலாம் என்றனர். 2016 ஜூன் 23-ல் அதே கேள்வி மறுபடி வந்தபோது 51.9 சதவீதம் பேர் விலகுவோம் என்றனர். 2020 ஜனவரி 31-ல் நாடு வெளியேறியது. ஒற்றைச் சந்தையும் சுங்கக் கூட்டும் பிரிட்டனுக்கு அவ்வாண்டு டிசம்பர் 31 வரை நீடித்து முடிந்தன.

ஒன்றியத்துக்குள் இருக்கும் நாடு தனியாக வரி ஒப்பந்தம் போட முடியாது. ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ்தான் எல்லோருக்குமாகப் பேசும். இந்தியாவுடன் அந்தப் பேச்சு 2007-ல் தொடங்கி, 2013-ல் முடங்கி, 2022-ல்தான் மீண்டும் எழுந்தது. தனியாகப் பிரிந்த பிரிட்டனோ 2022 ஜனவரியில் உட்கார்ந்து 2025 மே மாதத்தில் பேச்சை முடித்துவிட்டது. இது வெளியேறியதன் பலன்தான், மறுப்பதற்கில்லை. பெரும்பாலான இந்தியப் பின்னலாடைக்கு இருந்த 9.6 சதவீத வரி, ஒப்பந்தப்படி பூஜ்யம். மூன்று பவுண்டு விலையுள்ள டி-சர்ட்டில் அது ஏறக்குறைய 29 பென்ஸ். பைசா பைசாவாகக் காஸ்டிங் போடும் ஊருக்கு அது பெரிய தொகை. ஆனால் பங்களாதேஷ் சரக்கு பல காலமாகவே லண்டனிலும் ஹாம்பர்க்கிலும் வரியில்லாமல் இறங்குகிறது. அந்த வகையில் திருப்பூருக்குக் கிடைப்பது முந்திப் போகும் வசதி அல்ல, பின்தங்கியிருந்ததைச் சரிசெய்யும் வாய்ப்பு.

ஊரில் யாரும் பேசாத பக்கம் ஒன்று உண்டு. 2020 வரை பிரிட்டிஷ் பையர் ஒருவர் திருப்பூரில் ஒரே ஆர்டர் போட்டு, தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் சரக்கை இங்கிலாந்தில் இறக்கி, அங்கிருந்தே டப்ளினுக்கும் பெர்லினுக்கும் அனுப்ப முடிந்தது. ஒருமுறை வரி கட்டினால் போதும். 2021 முதல் அது முடியாது. பிரிட்டனுக்கும் ஒன்றியத்துக்கும் இடையே வரியில்லை என்ற ஏற்பாடு, அந்த இரு பக்கத்திலும் உற்பத்தியான சரக்குக்கு மட்டுமே. திருப்பூரில் வெட்டித் தைத்த பனியன் இந்தியச் சரக்கு. இங்கிலாந்துக் கிடங்கில் ஒரு வாரம் கிடந்ததால் அது இங்கிலாந்துச் சரக்காகிவிடாது. இங்கிலாந்தில் வரி கட்டி இறக்கியதை அயர்லாந்துக்கு அனுப்பினால் அங்கே மறுபடி வரி. சுங்கக் கிடங்கு, டிரான்சிட் என்று வழிகள் உண்டு. அதற்குத் தனி ஆளும் தனிக் காகிதமும் வேண்டும். பெரிய கடைச் சங்கிலிகள் ஐரோப்பாவிலேயே இன்னொரு கிடங்கு எடுத்துச் சமாளிக்கும். சின்ன பையருக்கு அது ஆகாது: ஒன்று ஐரோப்பிய விற்பனையை விட வேண்டும், அல்லது ஆர்டரை இரண்டாக உடைக்க வேண்டும். ஆர்டர் உடைந்தால் சாயப்பட்டறையில் லாட் சிறுக்கும், ஷேடு மாறும், கிலோவுக்கான செலவு ஏறும். பெரிய எக்ஸ்போர்ட்டருக்கு இது தலைவலி மட்டுமே. அவரிடம் ஜாப் ஒர்க் வாங்கி இருபது மிஷின் ஓட்டுபவருக்கு அதுவே நஷ்டம்.

வாங்குபவரின் நிலையும் பார்க்க வேண்டியதே. விலகாமல் இருந்திருந்தால் இருக்கக்கூடிய அளவைவிடப் பிரிட்டனின் உற்பத்தித்திறன் காலப்போக்கில் 4 சதவீதம் குறையும் என்பது அந்நாட்டு பட்ஜெட் கணிப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. வரி குறையும் கடையில் வாங்குபவரின் கையும் இறுகுகிறது.

இத்தனைக்கும், 2016-ல் மக்கள் வாக்களித்தது வரிக்காக மட்டும் அல்ல, வந்து சேரும் ஆட்களைக் குறைக்கவும்தான். 2004-ல் போலந்து உள்ளிட்ட பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, அந்நாட்டவருக்கு உடனே கதவைத் திறந்த மூன்று நாடுகளில் பிரிட்டன் ஒன்று. லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்ற சிற்றூரைச் சுற்றிய காய்கறி வயல்களும் பேக்கிங் கொட்டகைகளும் அவர்களால்தான் ஓடின. அந்த ஊரில்தான் நாட்டிலேயே அதிகமாக, 75.6 சதவீதம் பேர் விலகச் சொன்னார்கள். பின்னலாடையால் வளர்ந்து, வெளியாரால் நிறைந்த லெஸ்டர், 51.1 சதவீத வாக்கில், இருக்கலாம் என்றது. விலகிய பின் போலந்துக்காரர் குறைந்தார்கள். முட்டைக்கோஸ் தானாக அறுபடவில்லை. பருவகால விசாவில் கிர்கிஸ்தானிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் ஆள் வந்தது. ஐரோப்பியருக்கு இருந்த தனி உரிமை 2021 முதல் நீங்கியதால், இந்திய நர்சும் ஐடிக்காரரும் பராமரிப்பு வேலையாளும் அவர்களுக்குச் சமமாக விசா கேட்டு வந்தார்கள். இம்மடலை எழுதுபவர் வந்ததும் அந்த வழியில்தான். வெளியேறியதால் திறந்த கதவு வழியே வந்து, சொந்த வீடும் மாதம் தவறாத சம்பளமுமாக உட்கார்ந்தவர் வெளியேறுவதைக் குறை சொல்வது, ஓவர்லாக் மிஷின் சத்தத்தை விட்டு ஓடியவர் ஊருக்குப் பாடம் நடத்துவதைப் போலவே, உறுத்தத்தான் செய்யும்.

உறுத்தினாலும் சொல்ல வேண்டியது இது. பாஸ்டனில் போலந்துக்காரரைப் பற்றிப் பேசியதை, திருப்பூரில் ஒடிசாக்காரரையும் பீகாரியையும் பற்றிப் பேசுவதோடு பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரியாது: கூலியைக் கெடுத்தார்கள், வாடகையை ஏற்றினார்கள், ஊர் நம் ஊராக இல்லை. 2023 மார்ச் தொடக்கத்தில், வடமாநிலத்தார் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. பீகார் அரசின் குழு திருப்பூர் வரை வந்து விசாரித்தது. ஹோலிக்கு ஊர் போனவரும் அஞ்சிப் போனவரும் ஒரே ரயிலில் ஏற, திரும்பி வருவார்களா என்று கம்பெனிகள் கவலைப்பட்டன. வதந்தி பொய்தான். ஆனால் அதை நம்ப இடம் தந்தது எது என்று ஊர் கேட்டுக்கொள்ளவில்லை.

திருப்பூரும் ஒரு ஒன்றியத்தால்தான், இந்திய ஒன்றியத்தால்தான், வாழ்கிறது. பஞ்சு குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிறது; இடையில் சுங்கச்சுவர் இல்லை. அரசியலமைப்பின் 301-ஆவது பிரிவு நாடு முழுக்க வணிகத்துக்குத் தடையில்லை என்கிறது. 19-ஆவது பிரிவு குடிமகன் எங்கும் போகலாம், எங்கும் வசிக்கலாம் என்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் வணிகவரிச் செக்போஸ்ட்டுகளில் லாரி காத்திருப்பதும் போயிற்று. ரீஃபண்டு தாமதமும், மாநிலங்களுக்குப் பகிரும் மத்திய வரியில் 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குத் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய 4.079 சதவீதப் பங்கும் எரிச்சலூட்டுபவைதாம். அந்த எரிச்சலில் நியாயம் உண்டு. அதைக் காட்டி, பிரிட்டனைப் போல நாமும் என்று தொடங்குபவர்கள், தனிநாடு கேட்ட தி.மு.க.வே 1963-ல் அதைக் கைவிட்டதை நினைவில் கொள்ளலாம். பஞ்சும் ஆளும் வெளியிலிருந்து வரும் ஊர், எல்லை போடுவதற்குக் கைதட்டக் கூடாத ஊர்.

பிரிட்டனே இப்போது விட்டதைத் துண்டு துண்டாகத் திரும்பப் பேசுகிறது. 2025 மே 19-ல் லண்டனில் நடந்த உச்சி மாநாட்டில் உணவுச் சரக்குச் சோதனையைக் குறைப்பது, இளைஞர் போய்வர வழி செய்வது என்று ஒன்றியத்தோடு புதிதாகப் பேச்சு எடுத்தது. மறுபடி சேரும் பேச்சு அதில் இல்லை.

பூஜ்ய வரியால் ஆர்டர் கூடினால் லைனில் உட்கார ஆள் வேண்டும், அந்த ஆள் பெரும்பாலும் இந்தி பேசியோ ஒடியா பேசியோதான் வருவார். அவருக்கும் அதே பீஸ் ரேட், காற்று வரும் அறை, பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம்: லண்டன் கணக்கைப் போடும்போது இந்த மூன்றையும் காஸ்டிங் ஷீட்டில் சேர்க்கும்படி வேண்டிக்கொள்ளப்படுகிறது.