நிதி நிக்ஷேப ஜல பாஷாணம்

வீடு விற்கிற பத்திரம் ஒன்றை நேயர்கள் எப்போதாவது முதலிலிருந்து கடைசி வரையில் வாசித்ததுண்டா? வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வாசிப்பதில்லை. தொகை சரியாயிருக்கிறதா, தகப்பனார் பெயரில் பிழை விழுந்திருக்கிறதா என்று இரண்டு இடங்களில் பார்வையை ஓட்டிவிட்டுப் பேனாவை எடுத்துவிடுவார்கள். 2009ஆம் வருஷம் தர்மபுரியை அடுத்த ஒரு சிற்றூரில் வீடு வாங்கியபோது நானும் அப்படித்தான் செய்தேன். இப்போது அரூர்ப் பக்கம் மாற்றலாகிவிட்டபடியால் அதே வீட்டை விற்க நேர்ந்தது. ரிஜிஸ்தர் ஆபீஸ் தாழ்வாரத்தில் என் முறை வருவதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. வேறு வேலையில்லாத காரணத்தால் பத்திரம் முழுவதையும் வாசித்துத் தீர்த்தேன்.

நாலெல்லை, அளவு, கதவு நிலை, மின்சார இணைப்பு என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்த பத்திரம், நடுவில் திடீரென்று வேதகோஷம் போல் கிளம்பிற்று. நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் ஆகிய எட்டும் இன்று முதல் வாங்குகிறவரைச் சேர்ந்தவையாம்! அஷ்ட போகங்கள் என்று இவற்றுக்குப் பெயர். விஜயநகர காலத்துச் செப்பேடுகளில் கிராமங்களைத் தானம் செய்யும்போது இந்த வாய்பாட்டைக் காணலாம். கிராமத்தையே வழங்கிய ராயர்கள் பேசிய பாஷையில்தான், மூன்று சென்ட் மனையை விற்கும் பள்ளிக்கூட வாத்தியாரும் இன்று பேசவேண்டியிருக்கிறது.

நிதி என்றால் புதையல். அதைத் தாராளமாகக் கொடுத்துவிட்டேன். ஆனால் 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலை எடுப்பவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆகவே அந்தத் தாராளத்தினால் எனக்கு நஷ்டமில்லை. அவருக்கும் பெரிய லாபமில்லை. மற்றவற்றில் ஜலம் என்றால் தண்ணீர் என்பது எல்லோருக்கும் தெரியும். பாஷாணம் என்றால் கல். பாஷாணத்துக்கு நம் வீடுகளில் வழங்கும் இன்னோர் அர்த்தத்தையும் நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

2009இல் எனக்கு வீட்டை விற்றவர் கணக்கில் மிகவும் கறாரானவர். சாவியை வாங்கிக்கொண்டு நாங்கள் உள்ளே நுழைந்தது பொழுது சாய்ந்த நேரம். விளக்குப் போடலாமென்று பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியவில்லை. ஒவ்வொரு அறையிலும் பல்பைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். குளியலறைக் குழாயின் பித்தளைத் திருகு போயிருந்தது. துணி உலர்த்தும் கொடிக்கயிறும், பூஜை அலமாரிக்கு மேலே தொங்கிய மணியும் காணோம். போனால் போகட்டும். எட்டாம் நாள் மறுபடியும் வந்து, கொல்லைத் தாழ்வாரத்தில் பாதி புதைந்திருந்த ஆட்டுக்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போகக் கடப்பாரை கேட்டாரே, அதுதான் வேடிக்கை. என்னிடமே கேட்டார்!

எடுத்துப் போனதற்கு ஈடாக அவர் விட்டுச் சென்றவையும் உண்டு. மூன்று காலில் நின்ற பெஞ்சு ஒன்று, துருப்பிடித்த வாளிகள், பரண் நிறையப் பழைய காலண்டர் சுவாமிகள். பெஞ்சை அடுப்பில் வைக்கலாம். சுவாமிகளை என்ன செய்வது? குப்பையில் போட மனம் வராது. மாட்டி வைக்க நம் சுவரில் இடம் இருக்காது. பன்னிரண்டு முருகன், நாலு லக்ஷ்மி, இன்ன தெய்வம் என்று சொல்ல முடியாதபடி கரையான் தின்ற படம் ஒன்று, ஆகப் பதினேழு படங்களையும் என் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் அரசமரத்தடியில் வைத்துவிட்டு வந்தாள். அங்கே முன்பே முப்பது படங்கள் இருந்தனவாம்.

எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதில் சட்டம் மௌனமாயில்லை. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 8வது பிரிவு, வீட்டை விற்றால் அதன் பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, ஜன்னல், நிரந்தர உபயோகத்துக்காக அமைத்த மற்றப் பொருள்கள் எல்லாம் வீட்டோடு போகும் என்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய இதுவே விதி. 3வது பிரிவின்படி வேரூன்றிய மரமும் செடியும், பதித்துக் கட்டிய சுவரும், அந்தச் சுவரில் நிரந்தரமாகப் பொருத்தியதும் நிலத்தோடு இணைந்தவை. முருங்கை மரமும் கறிவேப்பிலையும் வீட்டைச் சேர்ந்தவை. தொட்டியில் வைத்த துளசி விற்கிறவரைச் சேர்ந்தது. பாதி புதைந்த ஆட்டுக்கல்லைப் பற்றி வக்கீல்கள் ஒரு நாள் முழுவதும் வாதாடலாம். கடப்பாரை என்னிடம் இல்லையென்று சொல்லி நான் வழக்கை முடித்துக்கொண்டேன்.

சீமையில் இந்தச் சண்டைக்கே இடமில்லாமல் செய்ய முயன்றிருக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விற்கிறவர் ஒரு நீண்ட ஜாபிதாவைப் பூர்த்தி செய்து கொடுக்கிறார். அடுப்பு, திரைச்சீலைக் கம்பி, தோட்டத்துச் செடி என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இருக்கும்', 'இருக்காது' என்று குறி போடவேண்டும். அலங்கார விளக்கைக் கழற்றிக்கொண்டு போகிறவர் அந்த இடத்தில் சாதாரண பல்பு ஒன்றை மாட்டிவிட்டுப் போவார் என்று அந்தப் பாரத்திலேயே எழுதியிருக்கிறது. எனக்கு விற்றவர் அதை வாசித்திருந்தால் மூர்ச்சை போட்டு விழுந்திருப்பார். ஜெர்மனியிலோ நேர்மாறு. வாடகைக்குக் குடியிருப்பவர்கள் காலி செய்யும்போது சமையலறை மேடை, அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி முதலியவற்றைக் கழற்றிக்கொண்டு போவது அங்கே சகஜம். நம் காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால், செட்டிநாட்டு வீடுகளின் கதவுகளும் தூண்களும் கடை வாசலில் சாத்திக் கிடப்பதைப் பார்க்கலாம். 8வது பிரிவு கதவை வீட்டோடு போகச் சொல்கிறது. அங்கே வீட்டை விட்டுக் கதவு மாத்திரம் ஊர் ஊராய்ப் போகிறது.

தஸ்தாவேஜுகளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. முழுத்தொகையும் கைக்கு வந்தவுடன் தம் வசமுள்ள மூலப்பத்திரங்களை விற்கிறவர் ஒப்படைக்க வேண்டும் என்பதும், விற்ற தேதி வரைக்கும் உள்ள வரிபாக்கியைத் தீர்க்கவேண்டும் என்பதும் 55வது பிரிவிலேயே இருக்கின்றன. இதையெல்லாம் தரகர்களே கவனித்துவிடுகிறார்கள். அதே 55வது பிரிவின் ஆரம்பத்தில் இருக்கும் முதல் உட்பிரிவைத்தான் ஒருவரும் கவனிப்பதில்லை. சொத்தில் முக்கியமான குறை இருந்து, அது விற்கிறவருக்குத் தெரிந்து, வாங்குகிறவருக்குத் தெரியாமல், சாதாரண ஜாக்கிரதையோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்கிறவர் அதைச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமலிருப்பது மோசடி என்று அந்தப் பிரிவின் கடைசியில் பச்சையாகவே எழுதியிருக்கிறது.

இனி ஜலத்துக்கு வருகிறேன்.

வீட்டைக் காட்டியபோது அவர் பெருமையாகச் சொன்னது கொல்லையிலிருந்த ஆழ்துளைக் கிணற்றைப் பற்றித்தான். "கோடையிலும் வற்றாது, வாத்தியாரே. கல்கண்டு மாதிரித் தண்ணீர்" என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. இன்றுவரையில் அந்தக் கிணறு வற்றியதில்லை. தண்ணீர் பளிங்குபோல் இருக்கும், நிறமில்லை, நாற்றமில்லை. சமையலறை மூலையில் சிமெண்டுத் தரைமேல் வட்டவட்டமாக ஏழு தடங்கள் மட்டும் இருந்தன. ஏதோ குடங்கள் வெகுநாள் வைத்திருந்த அடையாளம். கொல்லையில் மோட்டார் வைத்துக்கொண்டு இவர்களுக்கு எதற்காக ஏழு குடங்கள் என்று என் மனைவி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. துடைத்துப் பார்த்தோம், போகவில்லை.

அப்போது என் பெண்ணுக்கு ஒரு வயது. ஏழு வயதில் அவளுக்குப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைத்தபோது, அவற்றில் வெள்ளைத் திட்டுகளும் காவிநிறக் கோடுகளும் இருந்தன. சரியாகப் பல் தேய்ப்பதில்லை என்று நான் அவளை அதட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாயிருக்கிறது. பல் வைத்தியர் பார்த்துவிட்டு, "எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

நம் ஜில்லாவின் நிலத்தடிப் பாறைகளில் ஃப்ளோரைடு கலந்த தாதுக்கள் இருக்கின்றன. பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கும் தண்ணீரில் அது கரைகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரையில் இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரையில் பொறுக்கலாம் என்பது இந்திய அரசாங்கத்தின் தர நிர்ணயம். அதற்கு மேற்பட்டால் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல் கெடுகிறது. அளவு மிகவும் அதிகமாகி, வருஷக்கணக்காகக் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகின்றன. கெட்ட எனாமல் மறுபடி பழைய நிலைக்கு வராது. கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது. நீர் சுண்டுவதால் கொஞ்சம் கூடவே செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து தெளியவைக்கும் முறை ஒன்றை நாகபுரி ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்தார்கள். தெலுங்கு நாட்டிலே இதே சங்கடம் நேர்ந்த நல்கொண்டாவின் பெயரால் அது வழங்குகிறது. ஆனால் இதையெல்லாம் செய்வதற்கு, தண்ணீரில் கோளாறு என்று முதலில் தெரியவேண்டுமல்லவா?

குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் எங்கள் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தேன். பொறுக்கக்கூடிய அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அடுத்த வீட்டுப் பாட்டியிடம் சொன்னபோது, அந்த அம்மாளுக்கு ஆச்சரியமே உண்டாகவில்லை. "அவங்க குடிக்கிறதுக்கு அந்தத் தண்ணியைத் தொட்டதே இல்லையே, வாத்தியாரே! தினம் காலையிலே ரெண்டு தெரு தள்ளிப் போய் ஏழு குடம் கொண்டாருவாங்க" என்றாள்.

பத்திரத்தில் ஜலத்தையும் எழுதிக்கொடுத்தார், பாஷாணத்தையும் எழுதிக்கொடுத்தார். இரண்டும் ஒன்றாய்க் கலந்திருக்கிற சங்கதியை மாத்திரம் விட்டுவிட்டார். பல்புக்காகவும் ஆட்டுக்கல்லுக்காகவும் அவர்மேல் நான் கொண்டிருந்த கோபமெல்லாம் அன்றைக்கு எனக்கே அற்பமாகத் தோன்றிற்று.

தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்குக் காவேரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் தேசத்துக் கடனுதவியோடு நிறைவேறி 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. எங்கள் தெருக் குழாய்க்கு அது வந்துசேரச் சில காலமாயிற்று. வந்தபிறகு குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளும் உண்டு. அன்றைக்குக் கை தானாகவே மோட்டார்ப் பொத்தானுக்குப் போகும். விஷயம் தெரிந்த எங்கள் கையே போகுமென்றால், தெரியாதவர்கள் கையைச் சொல்லவேண்டுமா?

இதை இவ்வளவு வக்கணையாக எழுதுகிற நான், விற்கும்போது என்ன செய்தேன் என்று நேயர்கள் கேட்பீர்கள். உடனே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. பரிசோதனைச் சீட்டு என் மேஜை அறைக்குள் பத்து நாள் இருந்தது. "கேட்காத கேள்விக்குப் பதில் எதற்கு, ஐயா? இப்போதுதான் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதே!" என்றார் தரகர். நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டினேனா, ஆடிற்றா என்று இப்போது எனக்கே தெளிவாயில்லை. மாற்றல், வண்டிச் செலவு, பெண்ணின் காலேஜ் சம்பளம் எல்லாம் சேர்ந்து மனிதனை அப்படி ஆட்டிவைக்கின்றன.

பிறகு ஒரு நாள் வாங்குகிறவர் தம் மனைவியையும் எட்டு மாதக் குழந்தையையும் வீடு பார்க்க அழைத்துவந்தார். என் பெண் குழந்தையை வாங்கிக் கொஞ்சினாள். குழந்தை சிரித்தது. கீழ் ஈறில் அரிசிபோல் இரண்டு பல் முளைத்திருந்தது. என் பெண்ணும் சிரித்தாள். வழக்கம்போல் இடது கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் உள்ளே போய்ச் சீட்டை எடுத்துவந்து கொடுத்தேன்.

அவர் வெகுநேரம் படித்தார். மறுநாள் தரகர் மூலமாக, பேசிய விலையில் எழுபத்தையாயிரம் ரூபாய் குறைத்துக்கொள்ளச் சொன்னார். குறைத்துக்கொண்டேன். வருத்தமில்லை என்று சொன்னால் பொய். தரகர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் மனைவி மாத்திரம், "அந்த ரூபாய் நம்முடையதாக இருந்தால்தானே போகும்?" என்று கேட்டுவிட்டுப் பாத்திரம் கட்டப் போய்விட்டாள்.

காலி செய்வதற்கு முன் அவள் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் எழுதிவைத்தாள். ஒகேனக்கல் தண்ணீர் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வரும், கூரைத் தொட்டியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கழுவவேண்டும், ஐப்பசி மழையில் எந்த அறைச் சுவர் ஓதம் காணும், முருங்கையில் கம்பளிப்புழு எந்த மாதம் வரும், பாதி ராத்திரியில் உடம்புக்கு வந்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டினால் திறப்பார்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. பல்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆட்டுக்கல்லும் இருக்கிறது. கிணற்றுக் குழாயின்மேல் என் பெண் சிவப்பு வர்ணத்தால், 'குளிக்க, துவைக்க மாத்திரம்' என்று எழுதினாள். இரண்டு தடவை பூசினாள், உதிரக் கூடாதென்று.

நாங்கள் அரூருக்கு வந்த எட்டாம் நாள் புது வீட்டுக்காரர் டெலிபோன் செய்தார். எனக்குப் பக்கென்றது, ஆட்டுக்கல் ஞாபகந்தான் வந்தது. நோட்டுப் புத்தகம் மிகவும் உபயோகமாயிருக்கிறதாம். ஆனால் மொட்டைமாடிக் கதவின் சாவியை மட்டும் எங்கே வைத்திருக்கிறோம் என்று அதில் எழுதவில்லையாம். வீடு முழுவதும் தேடிவிட்டார்களாம். சட்டைப்பையில் கையை விட்டுப் பார்த்தேன். அங்கேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.