உடைந்தபோதெல்லாம் வளர்ந்த கட்சி

கோஷ்டிப் பூசல் முற்றினால் கட்சி உடையும், உடைந்தால் தேயும் என்பது அரசியலில் பழகிய கணக்கு. ஜெர்மனியின் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி இந்தக் கணக்கை மூன்று முறை பொய்யாக்கியிருக்கிறது.

2013-இல் அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் பொருளாதாரப் பேராசிரியர் பெர்ண்ட் லூக்கே. யூரோ நாணயமும் கிரேக்கத்துக்குத் தரப்பட்ட மீட்புக் கடனும்தான் அவருடைய கவலை. 2015 ஜூலையில் எஸ்ஸன் மாநாட்டில், தேசியவாத அணியின் ஆதரவோடு ஃபிராவ்கே பெட்ரி அவரை வீழ்த்தினார். லூக்கேவோடு ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். கட்சியின் கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். அந்த ஆண்டே அகதிகள் பெருமளவில் வந்தார்கள்; குடியேற்றத்தின் மீதான கோபம் கட்சிக்குப் புதிய வாக்காளர்களைக் கொண்டுவந்தது.

பெட்ரியை ஏற்றிவிட்ட அணி அவருக்கு அடங்கவில்லை. துரிங்கியா மாநிலத் தலைவர் பியோர்ன் ஹோக்கே, முன்னாள் வரலாற்று ஆசிரியர், 2017 ஜனவரியில் பெர்லினின் யூத இன அழிப்பு நினைவகத்தை அவமானச் சின்னம் என்ற பொருளில் பேசினார். அவரை நீக்க பெட்ரி முயன்றார், முடியவில்லை. செப்டம்பர் தேர்தலில் கட்சி 12.6% வாக்கும் 94 இடங்களும் பெற்றது. மறுநாளே செய்தியாளர் சந்திப்பிலிருந்து எழுந்துபோன பெட்ரி, சில நாட்களில் கட்சியையும் விட்டார். ஹோக்கேவை அனுசரித்துப் போன இணைத் தலைவர் யோர்க் மொய்தனும் பின்னாளில் அவருடைய ‘சிறகு’ அணியை அடக்கப் பார்த்தார். உளவுத் துறையின் கண்காணிப்பால் 2020-இல் அணி கலைக்கப்பட்டது. ஆட்கள் அப்படியே கட்சியில் இருந்தார்கள். 2022 ஜனவரியில் வெளியேறியவர் மொய்தன்தான்.

தலைவர்கள் எதிரியைச் சாய்க்கத் தீவிரர்களின் தோளில் ஏறினார்கள். இறங்க நினைத்தபோது தரை இல்லை. ஒவ்வொரு விலகலிலும் மிதவாதிகளின் மாநாட்டு வாக்குகளும் சேர்ந்தே போய்விடுகின்றன. அடுத்த மாநாட்டில் தீவிர அணி கை தூக்கினாலே போதும். ஹோக்கே தேசியத் தலைமைக்குப் போட்டியிட வேண்டிய அவசியமே வரவில்லை. இந்தப் பூசல்களைக் கட்சியின் பலவீனமாகப் படித்த மற்ற கட்சிகள் பத்தாண்டுகளை வீணடித்தன என்பேன். அந்தப் பூசல்கள் சல்லடையாக வேலை செய்தன.

2017-இல் ஹோக்கேவை நீக்கும் முயற்சியை ஆதரித்தவர் ஆலிஸ் வைடல், இன்றைய இணைத் தலைவர். 2025 ஜனவரியில் ரீசா மாநாட்டில், குடியேறியவர்களைத் திருப்பி அனுப்பத் தீவிரர்கள் புழங்கிய ‘ரெமிக்ரேஷன்’ என்ற சொல்லை மேடையில் அவரே சொன்னார். அடுத்த மாதத் தேர்தலில் கட்சிக்கு 20.8% வாக்கு, இரண்டாம் இடம்.